குறி சேர்ந்திருந்தது, வால்வு சேரவில்லை: ஒரு 1986 புல்லட் 350-இன் கேம் ஆய்வு

நாமக்கல் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் காரவள்ளி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 70. எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வண்டியின் எஞ்சின் எப்படி இருக்கிறது என்று தெரிய வேறு சோதனைச்சாலை தேவையில்லை. நல்ல நிலையிலிருக்கும் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350, பின்னால் ஆளோடு, பெரும்பாலான வளைவுகளை இரண்டாம் கியரில் முனகாமல் ஏறும். சித்தப்பாவின் வண்டி ஏறவில்லை. பன்னிரண்டாவது வளைவிலேயே முதல் கியர் கேட்டது. "மேட்டுல மூச்சு வாங்குதுடா தம்பி, எனக்கு வாங்குற மாதிரியே" என்று சொல்லி, வண்டியை என் பட்டறையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

வண்டி 1986 மாடல். நாலு கியர், வலது கால் கியர், பாயின்ட் செட், மிக்கார்ப் கார்ப்பரேட்டர். இரண்டு வருடம் முன்பு வெளியூர்ப் பட்டறை ஒன்றில் முழு ஓவர்ஹால் நடந்திருக்கிறது. அங்கே இன்லெட் கேம் (கலவையை உள்ளே விடும் வால்வைத் தூக்கித் திறக்கும் சுழலும் மேடு) தேய்ந்துவிட்டது என்று சொல்லி, "ஸ்போர்ட்ஸ் கேம் இருக்கு சார், பிக்கப் பறக்கும்" என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் கேமைத் தொடவில்லை.

சித்தப்பா சொன்ன குறைகளை அப்படியே எழுதி வைத்தேன். ஐடிலிங் நிற்பதில்லை, சிக்னலில் அணைந்துவிடுகிறது. நாலாம் கியரில் 40-இலிருந்து முறுக்கினால் ஒரு யோசனைக்குப் பிறகே நகர்கிறது. 65 தாண்டினால் மட்டும் திடீரென்று உயிர் வருகிறது. லிட்டருக்கு 35 கொடுத்த வண்டி 26 கொடுக்கிறது. கடைசியாக ஒன்றை அவர் பெருமையாகச் சொன்னார்: "ஆனா ஸ்டார்ட்டிங் மட்டும் சூப்பர்டா. டிகம்ப்ரஸரே தொட வேண்டாம், கால வச்சா இறங்குது."

எனக்குச் சந்தேகம் வந்தது அந்தப் பெருமையில்தான். புல்லட் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சடங்கு தெரியும். அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல இறக்கி, பிஸ்டன் முட்டும் இடம் வந்ததும் டிகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லிவர்) பிடித்து, டாப்பை, அதாவது பிஸ்டன் ஏறும் உச்சியை, தாண்ட வைத்து, அப்புறம் முழு உதை. அந்த முட்டல்தான் கம்ப்ரஷன். அது இல்லாத புல்லட் சுலபமான புல்லட் அல்ல, காற்றை எங்கோ விடுகிற புல்லட்.

என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு பேர் இந்த வண்டியைப் பார்த்திருந்தார்கள். ஒருவர் கார்ப்பரேட்டரைக் கழுவி, பிளக் கறுப்பாக இருக்கிறது என்று மெயின் ஜெட்டை இரண்டு அளவு குறைத்திருந்தார். இன்னொருவர் பிஸ்டன் ரிங் போய்விட்டது, சிலிண்டரைப் போர் போட வேண்டும் என்றிருந்தார். இரண்டுமே நியாயமான சந்தேகங்கள்தான், ஆனால் யாரும் எதையும் அளக்கவில்லை.

நான் முதலில் கம்ப்ரஷன் கேஜ் போட்டேன். ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து பிடித்து, முள் ஏறுவது நிற்கும்வரை உதைத்ததில் 78 பிஎஸ்ஐ. பிளக் துளை வழியாக இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதைத்தால் 83. ரிங் போயிருந்தால் ஆயில் ஊற்றியதும் முள் எகிறியிருக்கும். ஐந்து பவுண்டு ஏற்றம் எல்லா எஞ்சினிலும் வருவதுதான். டேப்பட் (கேமின் மேல் உட்கார்ந்து, வால்வுக்குப் போகும் புஷ் ராடைத் தூக்கும் துண்டு) கவரைக் கழற்றிப் பார்த்தேன். புல்லட்டில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளியே வைக்கக் கூடாது. புஷ் ராடு விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இரண்டும் அப்படியே இருந்தன. ஆக வால்வு தூக்கிக்கொண்டு நிற்கவும் இல்லை, ரிங்கும் போகவில்லை. பின்னே காற்று எங்கே போகிறது?

பதில் ஏர் ஃபில்டரில் இருந்தது. கழற்றியதும் கையில் ஈரம் பட்டது. முகர்ந்தால் பெட்ரோல். கார்ப்பரேட்டர் வாயிலிருந்து ஃபில்டர் வரை ரப்பர் குழாயின் உட்பக்கம் முழுக்க மெல்லிய பெட்ரோல் பூச்சு. எஞ்சினை ஓட விட்டு, குழாய் இல்லாமல் கார்ப்பரேட்டர் வாயைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். ஐடிலிங்கில் வாய்க்கு வெளியே ஒரு அங்குல தூரத்துக்குப் பனிமூட்டம் மாதிரி ஒரு மங்கல், ஒவ்வொரு அடிக்கும் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக. எஞ்சின் இழுத்த கலவையை எஞ்சினே திருப்பித் துப்பிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கேமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேம் என்றாலே எவ்வளவு தூக்குகிறது, ஓவர்லேப் (இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) எவ்வளவு என்றுதான் பேச்சு ஓடும். ரோட்டில் ஓட்டும் பழைய வண்டிக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான எண், இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது என்பதுதான். பிஸ்டன் பாட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் இன்லெட் சிறிது நேரம் திறந்தே இருக்கும். வேகமான ஓட்டத்தில், உள்ளே விரைந்து வரும் கலவைக்கு ஒரு உந்துதல் உண்டு. பிஸ்டன் மேலே வந்தாலும் அது தொடர்ந்து உள்ளே நெருக்கிக்கொண்டு வரும். அதற்காகத்தான் தாமதமாக மூடுகிறார்கள். மெதுவான ஓட்டத்தில் அந்த உந்துதல் இல்லை. திறந்திருக்கும் வால்வு வழியாகப் பிஸ்டன் கலவையை வெளியே தள்ளிவிடும். அந்தக் கலவை ஜெட்டைத் தாண்டி வெளியே போய், அடுத்த இழுப்பில் மறுபடி ஜெட்டைத் தாண்டி உள்ளே வரும். ஒவ்வொரு முறையும் ஜெட் பெட்ரோல் சேர்க்கும். பிளக் கறுப்பானதற்கும், மைலேஜ் குறைந்ததற்கும், ஜெட்டைக் குறைத்தும் பிரச்சினை தீராததற்கும் இதுதான் காரணம்.

சரி, தாமதம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கிராங்க் சுற்றும் கோணத்தைக் காட்டும் டிகிரி டிஸ்க்கை எடுத்தேன்.

இடது பக்கம் ஃபுட்ரெஸ்ட்டும் பிரேக் பெடலும் கழற்றி, கீழே தட்டு வைத்து, நடுவிலிருக்கும் அந்த ஒற்றை நட்டைத் திறந்தால் பிரைமரி கவர் ஆயிலோடு கையில் வரும். ஆல்டர்னேட்டர் ரோட்டர் நட்டிலேயே டிஸ்க்கைப் பிடித்து வைத்தேன். கம்பி ஒன்றை வளைத்து முள்ளாக்கினேன். டாப்பைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவரைப் பிளக் துளையில் விட்டுப் பார்ப்பது போதாது. டாப்புக்குப் பக்கத்தில் பல டிகிரிகளுக்குப் பிஸ்டன் நகர்வதே தெரியாது. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே ஒரு போல்ட் வைத்து வெல்டு செய்த ஸ்டாப்பர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டு எஞ்சினை முன்னால் சுற்றினால் பிஸ்டன் முட்டி நிற்கும் இடம் 38 டிகிரி, பின்னால் சுற்றினால் 44. இரண்டும் 41 ஆகும்படி முள்ளை 3 டிகிரி நகர்த்தினால் பூஜ்யம்தான் உண்மையான டாப். அதற்குப் பிறகு எஞ்சினை ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். தாண்டிப் போய்விட்டால் பின்னால் இழுக்கக் கூடாது, முழுச் சுற்று வர வேண்டும். இல்லையென்றால் பல்சக்கரங்களின் ஆட்டமும் அளவில் சேர்ந்துகொள்ளும்.

350 புல்லட்டுக்குப் பழைய வொர்க்‌ஷாப் மேனுவல் கொடுக்கும் கணக்கு இது: இன்லெட் டாப்புக்கு 30 டிகிரி முன் திறந்து, பாட்டத்துக்கு 60 டிகிரி பின் மூடும். எக்ஸாஸ்ட் பாட்டத்துக்கு 75 முன் திறந்து, டாப்புக்கு 35 பின் மூடும். இதை அளக்கும்போது மட்டும் டேப்பட்டில் 12 தௌ, அதாவது 0.30 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும். கேமின் ஓரத்தில் சத்தம் வராமலிருக்க ஒரு மெல்லிய சரிவு வெட்டியிருப்பார்கள். இடைவெளி இல்லாமல் அளந்தால் அந்தச் சரிவும் கணக்கில் வந்து எண்கள் தாறுமாறாகும். அளந்து முடித்ததும் மறக்காமல் பழையபடி பூஜ்யத்துக்கு வைக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட்டில் வந்தது 75-ம் 33-ம். நாற்பது வருடம் ஆகப்போகிற கேமுக்கு அருமையான எண்கள். இன்லெட் 24 முன் திறந்து, 78 பின் மூடியது.

நம்பாமல் வேறு வழியிலும் பார்த்தேன். டயல் கேஜை வால்வு ஸ்பிரிங்கின் மேல் தட்டில் நிறுத்தி, முழுத் தூக்கலுக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருக்கும் இரண்டு இடங்களைக் குறித்தேன். ஏறும்போது டாப்புக்குப் பின் 79 டிகிரி, இறங்கும்போது 155. நடு 117. திறந்து மூடும் எண்களை வைத்துக் கணக்குப் போட்டாலும் அதே 117. கம்பெனி கேமுக்கு அந்த நடு 105-இல் வர வேண்டும். ஆக, கேம் 12 டிகிரி அதிக நேரம் திறந்திருப்பது மட்டுமல்ல, 12 டிகிரி தாமதமாகவும் உட்கார்ந்திருந்தது. இரண்டு தப்பும் ஒரே பக்கம் சேர்ந்து, மூடும் நேரத்தை 18 டிகிரி பின்னால் தள்ளிவிட்டன.

அப்போதே தேநீர்க்கடைத் தீர்ப்பு ஒன்றும் அடிபட்டுப் போனது. ஸ்போர்ட்ஸ் கேம் போட்டால் ஓவர்லேப் அதிகமாகி ஐடிலிங் கெடும் என்பார்கள். பொதுவாக உண்மைதான். இந்த வண்டியில் இன்லெட் தாமதமாகத் திறந்ததால் ஓவர்லேப் 65-இலிருந்து 57-ஆகக் குறைந்திருந்தது! ஐடிலிங் கெட்டதற்கு அது காரணமே இல்லை.

18 டிகிரி எவ்வளவு பெரியது என்பது டிகிரியில் புரியாது, மில்லிமீட்டரில் புரியும். புல்லட் 350-க்கு போர் 70, ஸ்ட்ரோக் 90, மொத்தம் 346 சிசி. கனெக்டிங் ராடின் நீளத்தை ஸ்ட்ரோக்கைப் போல இரு மடங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். பாட்டத்துக்கு 60 டிகிரி பின் இன்லெட் மூடும்போது பிஸ்டன் டாப்பிலிருந்து 72 மில்லிமீட்டர் கீழே இருக்கும். அதாவது 90-இல் 72 மில்லிமீட்டர்தான் உண்மையான அமுக்கம். 78 டிகிரியில் மூடினால் அது 60. பன்னிரண்டு மில்லிமீட்டர், கட்டைவிரலின் பாதி அகலம், கலவையைத் திருப்பித் துப்புவதிலேயே போய்விடுகிறது. கம்ப்ரஷன் விகிதம் 6.5 என்று எடுத்துக்கொண்டால், முதல் கணக்கில் எஞ்சினுக்கு நிஜத்தில் கிடைப்பது 5.4, இரண்டாவதில் 4.7 கூட இல்லை. கிக்கர் லேசானது அதனால்தான்.

இனி, தாமதம் எப்படி வந்தது? டைமிங் கவரைத் திறந்தேன். நான் எதிர்பார்த்தது பல் மாறிப் பூட்டியிருப்பார்கள் என்று. அப்படியில்லை. பல்சக்கரங்களில் குத்தியிருக்கும் குறிகள் புள்ளிக்குப் புள்ளி, கோட்டுக்குக் கோடு எல்லாம் நேராக நின்றன. கிராங்க்கிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனின் சாவி அறுந்திருக்குமோ என்று அதையும் கழற்றிப் பார்த்தேன். (பினியனைப் பிடித்திருக்கும் நட்டுதான் ஆயில் பம்ப்பை ஓட்டும் வார்மும். அது இடது மரை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பி முறித்தவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் இருபது வயது நான்.) சாவி புதுசு போல இருந்தது. அப்படியானால் தப்பு ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். இந்த எஞ்சினில் கேமும் அதன் பல்சக்கரமும் அழுத்திச் சேர்த்த ஒரே உருப்படி. அந்தக் கேமைச் செய்தவர் லோபை, அதாவது வால்வைத் தூக்கும் மேட்டை, ஒரு கோணத்தில் வைத்து அழுத்திவிட்டு, குறியை வேறு கோணத்தில் குத்தியிருக்கிறார். பூட்டிய மெக்கானிக் குறியை நம்பிச் சரியாகப் பூட்டியிருக்கிறார். எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்பதற்கு மேல் குறி எதுவும் சொல்வதில்லை. லோபு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஒரு பல் முன்னால் தள்ளி வைக்கலாமே என்று பட்டறைப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. கேம் வீல் ஒரு சுற்றுச் சுற்ற கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும், அதாவது 720 டிகிரி. 720-ஐ வீலின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பல்லின் மதிப்பு. பல் 48 என்றால் 15 டிகிரி, 36 என்றால் 20. சரியாக 12 வேண்டுமென்றால் 60 பல் இருக்க வேண்டும். புல்லட் வீலில் அவ்வளவு பல் கிடையாது. ஒரு பல் தள்ளினால் தாமதம் போய் அவசரம் வந்துவிடும். பழைய டிரையம்ஃப் இரட்டை சிலிண்டர் எஞ்சின்களில் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு. கேம் வீலில் சாவிக்கு ஒன்றுக்குப் பதில் மூன்று பள்ளம் வெட்டி, ஒவ்வொன்றையும் பல்லோடு ஒப்பிட்டால் சற்றே தள்ளி வைத்திருப்பார்கள். வேறு பள்ளத்தில் பூட்டினால் பல்லின் ஒரு பகுதி அளவுக்கு மட்டும் நகர்த்தலாம். புல்லட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அழுத்திய கேமைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, திருப்பி அழுத்துவது ஒரு வழி. லேத் பட்டறைகள் நிறைந்த ஊரில் செய்ய ஆள் இருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை தள்ளி எடுத்த பிடிப்பு மறுபடி அதே இறுக்கத்தோடு இருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஓடும்போது வழுக்கினால் வால்வும் பிஸ்டனும் சந்திக்கும்.

அதைவிடப் பெரிய கேள்வி, சரியான இடத்தில் உட்கார்ந்தால்கூட இந்தக் கேம் இந்த வண்டிக்கு வேண்டுமா என்பது. நடு 107-இல் இருக்கும்படி வைத்தாலும் மூடும் நேரம் 68 டிகிரி. உண்மையான அமுக்கம் 67 மில்லிமீட்டர், விகிதம் 5.1. நீளக் கேம் போடுகிறவர்கள் கம்ப்ரஷனையும் ஏற்ற வேண்டும், அப்போதுதான் கீழே இழந்தது கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். அப்புறம் கார்ப்பரேட்டர், சைலன்சர், அடியிலிருக்கும் பேரிங் என்று பட்டியல் நீளும். 1972-இல் நார்டன் கம்பெனி தன் கமாண்டோ பைக்கில் காம்பாட் என்ற எஞ்சினைப் போட்டது. காரமான கேம், 10-க்கு 1 கம்ப்ரஷன், 65 குதிரைத் திறன். காகிதத்தில் பிரமாதம். ரோட்டில் மெயின் பேரிங்குகள் போய், கம்பெனியின் பெயரும் சேர்ந்து கெட்டது. தொழிற்சாலையே செய்து தடுமாறிய வேலை அது.

சித்தப்பா ஓட்டுவது 40-லிருந்து 60-க்குள். சந்தைக்கும் மலைக்கும். இந்த எஞ்சினின் 18 குதிரைத் திறன் 5,625 சுற்றில் கிடைக்கிறது. அந்தச் சுற்றை அவர் எட்டுவதே இல்லை. அவருக்கு வேண்டியது எஞ்சின் தட்டத் தட்ட இழுப்பது. ஸ்டாண்டர்டு கேம்தான் என்று முடிவு செய்து போன் செய்தேன். "காசு கொடுத்துப் போட்டதை எடுக்கணுமா?" என்றார். எடுக்கணும் சித்தப்பா என்றேன்.

கழற்றியதும் இன்லெட் டேப்பட்டின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பழைய கேமோடு ஓடிய டேப்பட்டையே புதுக் கேமுக்கும் போட்டிருந்தார்கள். தட்டையாக இருக்க வேண்டிய முகத்தில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு வாய்க்கால். இது ஓடிக்கொண்டே இருந்தால் எந்தக் கேமையும் தின்றுவிடும். டேப்பட்டும் புதுசு வாங்கினேன். புதுக் கேம் வந்ததும் முதல் வேலை, நம்பாமல் டிஸ்க் போட்டது. 28 முன் திறந்து, 63 பின் மூடியது. நடு 107.5. மேனுவலைவிட இரண்டரை டிகிரி தாமதம். இதைத் துரத்தவில்லை. ரோட்டு வண்டியில் மூன்று டிகிரிக்குள் இருந்தால் நான் கையை எடுத்துவிடுவேன். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றி, வால்வு பதிந்த இடத்தை வெட்டிப் பார்ப்பது நீளக் கேமுக்குக் கட்டாயம். ஸ்டாண்டர்டு கேமுக்குத் தேவையில்லை என்றாலும் செய்தேன், இடம் தாராளமாக இருந்தது. கேம் வீலைத் தொட்டதால் டிஸ்ட்ரிபியூட்டரையும் மறுபடி செட் செய்தேன். மெயின் ஜெட்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தேன்.

கேமிலும் டேப்பட்டிலும் மாலிப்டினம் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசி, முதல் உதையில் பிடித்ததும் ஐடிலிங்கில் விடாமல், கொஞ்சம் முறுக்கியே பதினைந்து நிமிடம் ஓட விட்டேன். புதுக் கேமும் புது டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகும் நேரம் அது. எஞ்சின் சூடாகிவிடாமல் பெடஸ்டல் ஃபேனை முன்னால் வைத்தேன். மறுநாள் கேஜ் 97 காட்டியது. ஏர் ஃபில்டர் காய்ந்திருந்தது.

சித்தப்பா வந்து முதல் உதை உதைத்தார். கிக்கர் பாதியில் நின்று அவர் காலைத் திருப்பி அடித்தது. "என்னடா இவ்வளவு கனமாக்கிட்ட?" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். டிகம்ப்ரஸரைக் காட்டினேன். அன்று மாலை கொல்லிமலை மேலே இருக்கும் செம்மேட்டிலிருந்து போன் வந்தது. சித்தியையும் பின்னால் உட்கார வைத்து ஏறியிருக்கிறார். முதல் கியர் கேட்டது மூன்றே வளைவில், அதில் ஒன்றில் முன்னால் பஸ். 500 கிலோமீட்டர் ஓடியதும் டேப்பட் பார்க்கக் கொண்டு வாருங்கள் என்றேன்.

கழற்றிய கேம் என் அலமாரியில் இருக்கிறது. "நடு 117, குறி தப்பு" என்று ஒரு அட்டையில் எழுதிக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் விலைக்குக் கேட்டுவிட்டார்கள்.